வண்டியில் ஏறிய பெயர்கள்

என்னங்க,

இந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதைச் சொல்லியும் நான் உங்களைக் கூப்பிட்டதில்லை. கடிதத்தையும் இப்படித்தான் தொடங்க வருகிறது. முன்பெல்லாம் இதைச் சொன்னால், கொல்லையில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாலும் "என்ன புள்ள" என்று குரல் வரும். நீங்கள் போன பிறகும் சில நாள் காலையில் வாய் தவறிச் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

ஒரு சங்கதி. போன வாரம் பெண்டாங்கில் ஒரு கல்யாணம். நம் கடைசி மகள் வாணியும் மருமகன் சிவாவும் என்னைக் காரில் கூட்டிப் போனார்கள். திரும்பும்போது சிவா நெடுஞ்சாலைப் பக்கம் காரைத் திருப்பினார்.

"கடலோரமா, யான் டவுன் வழியா போலாமா?" என்று கேட்டேன்.

"அது சுத்தும்மா," என்றாள் வாணி. "ஹைவேல ஏறினா சாப்பாட்டு நேரத்துக்கு செர்டாங் போயிடலாம்."

"சுத்தட்டும்."

"சிவா, அம்மாவுக்கு ஜாலான் ஜாலான் போகணுமாம், ஊர் சுத்தணுமாம். திருப்புலா."

கேட்டீர்களா? கட்டினவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அதுவும் 'லா' போட்டு. அவரும் சிரித்துக்கொண்டே திருப்புகிறார். வானம் இடிந்து விழவில்லை. நான் பின் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். வயலுக்கு அப்பால் ஜெராய் மலை, நாம் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே இருந்தது.

அந்தப் பயணத்தை நினைக்காமல் எப்படி இருப்பது? ஜப்பான்காரன் காலம். பெண்டாங்கில் என் மாமா வீட்டில் நமக்குக் கல்யாணம். மாற்றுப் புடவை இல்லை, அரிசி இல்லை. பந்தியில் மரவள்ளிக் கிழங்குதான். செர்டாங் பக்கத்துத் தோட்டத்தில் நீங்கள் வண்டிக்காரர். செவலையையும் வெள்ளையையும் பூட்டி, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். நேர் ரோடு தெற்கே போகிறது. நீங்கள் மாட்டை மேற்கே திருப்பினீர்கள்.

"இது எங்கங்க போகுது?"

"கடலுக்கு. புதுப் பொண்ணுக்கு ஊரச் சுத்திக் காட்ட வேணாமா?"

நீங்கள் ஏன் சுற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்? பெரிய ரோட்டில் லாரியை நிறுத்திவைத்து ஆண்களைப் பிடித்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. கிணற்றடியில் பெண்கள் இதைத்தான் பேசினார்கள். கல்யாணத்துக்கு முன் இரவு அம்மா என் தலையை வாரிக்கொண்டே, "எப்படியாச்சும் அவரை வீடு கொண்டு போய்ச் சேத்துரு," என்றாள். என்னை வீடு சேர்ப்பது உங்கள் பொறுப்பு என்றல்லவா ஊர் நினைத்தது. நான் பயத்தைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஊர் சுற்றிப் பார்க்கிறவர்கள் மாதிரியே போனோம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பார்க்கப் பார்க்க, அந்த நடிப்பு நிஜமாகிவிட்டது. நான் பிறந்ததிலிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். எந்தப் பக்கம் பார்த்தாலும் வரிசை. கோடு போட்ட நோட்டில் மட்டுமே எழுதிப் பழகிய பிள்ளையிடம் ஒரு பெரிய வெள்ளைத் தாளைக் கொடுத்தால் எப்படி விழிக்கும்? முதன்முதலில் அந்த வயலைப் பார்த்தபோது நான் அப்படி விழித்தேன். நாற்று நடுவதற்காகத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். தண்ணீர் முழுக்க வானம். வயல் நடுவே மண் பாதையில் போன நம் வண்டிக்குக் கீழே இன்னொரு வண்டி தலைகீழாக வந்தது. கொக்குகள் ஒரே நேரத்தில் எழுந்தபோது கீழிருந்தும் ஒரு கூட்டம் எழுந்தது.

"வாய மூடு புள்ள, பூச்சி போயிடும்," என்றீர்கள்.

பிறகு மலை. அதன் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க வண்டி ஓடியது. காலையில் இடது தோள் பக்கம் இருந்த மலை, மாட்டை அவிழ்க்கும் நேரத்திலும் பக்கத்திலேயே நின்றது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. ஒரு வளைவில் திடீரென்று கடல் தெரிந்தது. எனக்கு அதற்கு என்ன பெயர் சொல்வது என்றே தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை எழுதிக் காட்டியிருக்கிறார்கள், கடலைப் பார்த்ததில்லை. இறங்கிப் போய்ச் சேற்றில் நின்று கையில் அள்ளி நக்கிப் பார்த்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டு போக யாருக்கு மனசு வரும் என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைக்கத் தெரிந்தது.

வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினீர்கள். சிப்பாயைக் கண்டால் எப்படி இறங்குவது, எவ்வளவு குனிவது, எப்போது நிமிர்வது. தோட்டத்து ஆபீஸ் கிராணி எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டை மடியில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுகூடக் காட்டினீர்கள். குடும்பத்தோடு தோட்டத்துக்குத் திரும்புகிறவனை விட்டுவிடுவார்கள், தனி ஆளைத்தான் ஏற்றுவார்கள் என்று உங்களுக்குத் தைரியம். எல்லாவற்றையும் யோசித்தோம். ஒன்றைத் தவிர.

மலையைத் தாண்டி மெர்போக் பக்கம் ஒரு மரப்பாலம். அந்தச் சின்னப் பாதையிலும் லாரி நின்றது. முற்பகல் வெயில். லாரியில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாம் இறங்கிக் குனிந்தோம். நான் சரியாகத்தான் குனிந்தேன். மொழிபெயர்ப்பாளன் ஒருவன், வெள்ளைச் சட்டை, மலாயில் பேசினான். சீட்டை வாங்கிப் படித்துவிட்டு உங்களை லாரிப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னான். யாரோ ஒரு பெண்ணை மனைவி என்று கூட்டிக்கொண்டு தப்பிக்கிறார்களாம். அதனால் பெண்ணைத் தனியாகக் கேட்பார்களாம்.

"சியாப்பா நாமா லாக்கி?"

உன் புருஷன் பெயர் என்ன. அவ்வளவுதான் கேள்வி. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் குழந்தையிடம் கேட்கிற கேள்வி. எனக்கு மலாய் புரிந்தது, பதில் தெரிந்தது, நாக்கு எழவில்லை. பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். அம்மா ஒருநாளும் அப்பா பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நாளெல்லாம் உங்கள் ஆயுளுக்காகச் சாமி கும்பிட்டுக்கொண்டு வந்தவள், அதை என் வாயாலேயே எப்படிக் குறைப்பேன்? தலையைக் குனிந்துகொண்டு தாலியை எடுத்துக் காட்டினேன். அவன் சிரித்தான். தாலியை யார் கழுத்திலும் போடலாம் என்றான்.

நீங்கள் அங்கிருந்தே மலாயில் கத்தினீர்கள். "துவான், எங்க வழக்கத்துல பொம்பள புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க துவான்." அவன் அதைச் சிப்பாயிடம் சொன்னான். சிப்பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பெண்டாட்டிக்குப் புருஷன் பெயர் தெரியவில்லை, அதற்கு இப்படி ஒரு காரணமா? உங்கள் சட்டையைப் பிடித்து லாரியில் ஏற்றப் போனான். உங்கள் ஒரு கால் சக்கரத்தின் மேல் இருந்தது.

அப்போது சொன்னேன். மெதுவாகச் சொல்ல நினைத்தேன், பாலத்தின் மறு கரை வரை கேட்டது. மொழிபெயர்ப்பாளன் சீட்டைப் பார்த்தான். "லாகி," என்றான். இன்னொரு தடவை சொல் என்று அர்த்தம். மறுபடியும் சொன்னேன். உங்கள் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் கேட்காமலே மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டு நின்றேன். உங்கள் கால் தரைக்கு வந்தது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கடலைப் பார்த்த மாதிரி இருந்தது அது.

அதோடு முடிந்திருந்தால் இது நம் இரண்டு பேர் கதை. வண்டியைக் கிளப்பும்போது லாரியில் இருந்து ஒரு குரல் வந்தது. பெயரைச் சொல்லி ஓர் ஆள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்.

"தங்கச்சி, என் பேரு காத்தான். பாலத்தோட்டம். எங்க ஆத்தாகிட்ட சொல்லிரு."

இன்னொருவர் முந்திக்கொண்டார். "ராமசாமி. ஏழாங்கட்டைத் தோட்டம். வீட்டுக்காரி பேரு பொன்னி. கெழங்கு நட்டத என்னைக்குப் புடுங்கறதுன்னு அவளுக்குத் தெரியும்னு சொல்லு."

மூலையில் ஒருவர் தணிந்த குரலில் சொன்னார். "வேலு. எனக்குன்னு யாரும் இல்ல. சும்மா தெரிஞ்சு வச்சுக்கங்க."

சிப்பாய் லாரியைத் தட்டினான். அது போய்விட்டது. புழுதி அடங்கும்வரை நாம் வண்டியை எடுக்கவில்லை.

"நேரா வீட்டுக்குப் போயிருவோம்ங்க," என்றேன்.

பாலத்தைத் தாண்டியதும் மாட்டைக் கிழக்கே திருப்பினீர்கள். பாலத்தோட்டம் அந்தப் பக்கம். பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும்.

"எனக்காக இவ்ளோ தூரம் சுத்தினோம். அவங்களுக்காகக் கொஞ்சம் சுத்தினா மாடு கோவிச்சுக்குமா?"

அம்மா சொல்லி அனுப்பியதை நினைத்துக்கொண்டேன். உங்களைப் பத்திரமாகச் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த மூன்று பெயர்களையும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், மறந்துவிடக் கூடாதே. என் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று வளர்ந்த வாய், முகம் தெரியாத மூன்று ஆண்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காத்தானுடைய அம்மா கேட்டுவிட்டு, "சாப்பிட்டானான்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள். ஏழாங்கட்டையில் பொன்னி லயத்து வீட்டு வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் "ராமசாமி" என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆமா, அவருதான், அவருதான்," என்றாள். அவளும் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரை அன்று அவளுக்காக நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காத்தான் யுத்தம் முடிந்து வந்தார். புண் ஆறாத காலோடு ஒரு சீப்பு வாழைப்பழம் தூக்கிக்கொண்டு நம் வீடு தேடி வந்தாரே, நினைவிருக்கிறதா? ராமசாமி வரவில்லை. வேலுவைப் பற்றிக் கேட்டதற்குக் காத்தான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணத்தின் கடைசி நாள் தோட்டத்து மரங்கள் தெரியத் தொடங்கியபோது நீங்கள் சொன்னீர்கள்.

"என் பேரு நல்லாத்தான் இருக்கு புள்ள. இன்னொரு தடவ சொல்லு."

"மாட்டேன்."

"ஜப்பான்காரனுக்குச் சொன்ன. எனக்குச் சொல்ல மாட்டியா?"

அதையே ஆயுள் முழுக்கக் கேட்டீர்கள். கோபம் வந்தால் கேட்பீர்கள், மீன் குழம்பு நன்றாக இருந்தால் கேட்பீர்கள், பிள்ளைகள் முன்னால் கேட்டு என்னைச் சமையலறைக்கு ஓட வைப்பீர்கள். நான் சொல்லவில்லை. நரைத்து, பல் விழுந்து, பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துவிட்டுத்தான் போனீர்கள். பெயர் சொன்னதால் ஆயுள் குறையவில்லை என்று அம்மாவைப் பார்த்தால் சொல்லுங்கள்.

யுத்தம் முடிந்த பிறகு நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானேன். ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டேன். ஒரு பெயரைக் கூப்பிட்டதும் ஒரு சின்ன உடம்பு எழுந்து நின்று "உள்ளேன்" என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று மற்றவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. முதல் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் மனதுக்குள் வேலு என்று சொல்லிக்கொள்வேன். மற்ற இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இதை எங்கே இறக்கி வைப்பது?

போன வாரம் அந்த இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். மரப்பாலம் இல்லை, சிமெண்டுப் பாலம். ரப்பர் போய்ச் செம்பனை வந்திருக்கிறது. ஆனால் திரும்பிப் பார்த்தால் மலை, அதன் மேல் அதே மேகம். வாணியிடமும் சிவாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். வாணி காரை விட்டு இறங்கிப் பாலத்தின் ஓரத்துக்குப் போனாள். பிறகு, "அந்த மூணாவது ஆளு பேரு என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவை சொன்னாள். சிவாவும் சொன்னார்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சுற்றுவழியில் வருவேன். என்னால் முடியாமல் போனால் வாணி வருவாள், சிவா ஓட்டுவார். பாலத்தில் நிறுத்தி மூன்று பெயரையும் வாய்விட்டுச் சொல்வோம். நான்காவதாக உங்களுடையதையும் நானே சொல்வேன். இது வாக்கு.

கேட்டுக்கொண்டே இருந்தீர்களே. இந்தாருங்கள்.

இப்படிக்கு,
அங்கமுத்துவின் மனைவி
செல்லம்மா