கோயம்புத்தூர் என்று எழுதிய கட்டுகள்

தோழி,

மேசைமேல் ஒரு துணிக்கட்டை அவிழ்த்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது; இருந்தாலும் அந்த வாசனை வந்தால் பக்கத்தில் நீ தும்முவாய் என்று காத்திருக்கிறேன். நேற்று ஒரு தப்பு செய்துவிட்டேன். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நம் பெங்களூர் உயர் நீதிமன்றத்தின் ஆவண அறையில் பழைய கோப்புகளைக் கழிக்கிறார்கள். ஸ்கேன் செய்ய ஒரு பட்டியல், அழிக்க இன்னொரு பட்டியல். சீக்கிரம் முடி என்று விரட்டினார்கள். சில கட்டுகளின் மேல் 'கோயம்புத்தூர்' என்று இருந்தது. வேறு மாநிலம், நமக்கு எதற்கு என்று அவற்றை அழிக்கும் பட்டியலில் சேர்த்து நேற்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். இருபத்தெட்டு வருடம் இங்கேயே குப்பை கொட்டியவள் செய்கிற காரியமா இது?

இன்று சும்மா ஒன்றைப் பிரித்தபோதுதான் உள்ளே கொள்ளேகால் என்ற பெயரைப் பார்த்தேன். உனக்குத் தெரிந்ததுதான். மாநில எல்லைகளை மாற்றுவதற்கு முன் கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; அதன் மேல்முறையீடுகள் சென்னையில் நடந்தன. ஊர் இந்தப் பக்கம் வந்தபோது கோப்புகளும் பெங்களூருக்கு வந்தன. மேல் சீட்டை யாரும் மாற்றவில்லை.

பல வருடத்துக்கு முன் ஒரு முறை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. கொள்ளேகாலிலிருந்து ஒருவர் பழைய தீர்ப்பின் நகல் கேட்டு வந்தாரே. மைசூர் வரிசையில் மட்டும் தேடிவிட்டு, 'கிடைக்கவில்லை' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அது இல்லேன்னா நெலம் போயிடும் மேடம்" என்றார்.

நீ என்னைத் திட்டினாய். "சும்னே, சரியா தேடாம, எழுதி அனுப்பிட்ட பா. சென்னைலேர்ந்து வந்த ரேக்ல ஒரு வாட்டி பாத்துடலாம் வா." இரண்டு நாள் ஏணி ஏறி இறங்கிக் கண்டுபிடித்தாய்.

சற்றுமுன் பழைய தாள் எடுக்கும் ஒப்பந்தக்காரர் போன் செய்தார். "காலைல ஒம்போதுக்கு வண்டி வந்துடும் மேடம். நேரா அரைக்கிற மில்லுக்குப் போயிடும்." நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் சரி என்றேன்? நான் ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். உண்மையைச் சொன்னால் மெமோ, விசாரணை, பென்ஷன் இழுபடும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டுகளுக்குள் எத்தனை பேருடைய நிலம் இருக்கிறதோ.

அதிகாரி ஆறு மணி வரை அறையில் இருப்பார். போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். அன்று கோப்பு கிடைத்த பிறகு அப்போதைய அதிகாரி, "கிடைக்கலன்னு எழுதினது யாரு?" என்று கேட்டார். நான் உன் பின்னால் ஒதுங்கினேன். "நாங்க ரெண்டு பேரும்தான் சார்" என்றாய் நீ. அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று இந்த அதிகாரியும் யார் என்று கேட்பார். நான் ஒருத்திதான் சார் என்று சொல்ல வேண்டும்.