என் அரைப் பாட்டு

அன்புத் தங்கைக்கு,

மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் அப்பா பதிந்து வைத்த கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். நீ கேட்ட சிடியை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கச்சிபௌலி ஃபிளாட்டில் அந்தப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேள்.

ஏற்றும்போது ஒவ்வொரு கேசட்டையும் முழுதாக ஓடவிட வேண்டும். அதனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

"எல்லாம் அவ பாட்டுதானா? உன்னோடது ஒண்ணுகூட இல்லையா?" என்றார் உன் அத்திம்பேர்.

"ஹவ், ஆமா, எல்லாம் அவளோடதுதான்" என்றேன்.

உன் பாட்டின் மேல் யாரும் பதிந்துவிடக் கூடாதென்று, உன் கேசட்டுகளின் முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை அப்பா உடைத்து வைத்திருக்கிறார். நான் பாடிய ஒரே கேசட்டில் அதை உடைக்கவில்லை. சரணத்தில் என் குரல் அறுந்து, நீ ஆரம்பிக்கிறாய். நன்றாகத்தான் பாடியிருக்கிறாய். சுருதிதான் கொஞ்சம் முன்னே பின்னே.

நீ பாடி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அப்பா "பேஷ்!" என்பாரே, சிடியில் அந்த இடங்களில் சத்தம் வராது. உன் பிளேயரில் கோளாறு எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் வெட்டுவதும் ஒட்டுவதும் இத்தனை சுலபம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

என் அரைப் பாட்டு இங்கேதான் இருக்கிறது. அது முடிந்ததும் அப்பா பேஷ் சொல்கிறார். ஒன்றன்பின் ஒன்றாக, அத்தனை பேஷையும்.

உன் அக்கா