அசாம் ஜாவாவில் நின்ற பஸ்

அன்பு மகன் டெரலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் வலது முட்டி மட்டும் சுகமில்லை, பிரேக் மிதித்தே தேய்ந்தது, அதற்கு யாரைக் குறை சொல்ல. கிளாஸ்கோ குளிரில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே மூன்று நாளாக மழை, தஞ்சோங் காராங் பக்கம் வாய்க்கால் நிரம்பி ரோட்டுக்கே வந்துவிட்டது, என் பெக்டரி பஸ் ஆமை மாதிரி ஊர்கிறது.

சென்ற வாரம் நீ அம்மாவிடம் போனில் சொன்னது என் காதுக்கும் வந்தது. உன் இசை ஆல்பத்தை யாரும் கேட்கவில்லை, மாதக் கடைசியில் பியானோவை விற்றுவிட்டு ஏதோ ஹோட்டலில் அவர்கள் கேட்கிற பாட்டை வாசிக்கப் போகிறாயாமே. அப்பாவே பதிலுக்கு ஒரு கட்டைவிரல் உயர்த்திய படம்தான் அனுப்பினார் என்றாயாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதை அனுப்பியபோது நான் கேட்கவே இல்லை. கோபித்துக்கொள்ளாதே. பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போட்டேன், பியானோ வந்தது, வயலின் வந்தது, பாடுகிறவன் வரவே இல்லை. ஸ்பீக்கரில் ஒரு பக்கம் போய்விட்டது என்று சுங்கை பெசாரில் காளியண்ணன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் அரை மணி நேரம் வயரைக் குடைந்துவிட்டு, ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு லா, உங்க மகன்தான் பாடுறதுக்கு ஆளே வைக்கல என்றார். கல்யாணத்தில் கீபோர்டு, மாதா கோவிலில் ஆர்கன், பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ் என்று எதைக் கொடுத்தாலும் வாசித்த பிள்ளைக்கு ஒரு பாடகன் கிடைக்கவில்லையா என்று எனக்கு வருத்தம்கூட.

இப்போது கேள். நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றி வந்தேன். ஏறியதும் குத்துப்பாட்டு போடுங்க அண்ணே என்று கூச்சல்தான் வழக்கம். மழையில் கண்ணாடி துடைக்கிற அவசரத்தில் போனில் உன்னுடையதை அமுக்கிவிட்டேன். மாற்றக் கை நீட்டினால், முன் சீட்டு மோகனா, இருக்கட்டும்ணே என்றாள். ஜனவரியில் புருஷனைப் பறிகொடுத்தவள், மூன்றாம் வாரமே வேலைக்கு வந்தாள், பஸ்ஸில் எல்லோரையும் சிரிக்க வைப்பதும் அவள்தான். அப்புறம் யாரும் பேசவில்லை. தூங்கிவிட்டார்கள் போல என்று கண்ணாடியில் பார்த்தால், எல்லோரும் விழித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அசாம் ஜாவா ஸ்டாப்பில் நிறுத்திக் கதவைத் திறந்தேன், உன் ஐந்தாவது இசை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறேன், அந்த இடத்தில் கதவு திறக்கும் முன்னமே முண்டியடிப்பார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், சோறாக்க வேண்டும். அன்று ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மோகனா அழுதுகொண்டிருந்தாள், எட்டு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த இசை முழுதாக முடிந்த பிறகுதான் பைகளை எடுத்தார்கள். இறங்கும்போது மோகனா, வாசிச்சது யாருண்ணே என்று கேட்டாள், என் மகன் என்றேன், உங்க மகன் நல்லா இருக்கணும்ணே என்றாள்.

ஆகவே யாரும் கேட்கவில்லை என்று இனிமேல் சொல்லாதே. முப்பத்தொரு பேர் கேட்டார்கள், முப்பத்திரண்டாவது ஆள் நான். ஹோட்டல் வேலைக்குப் போவதென்றால் போ, வயிறு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் பியானோ வீட்டிலேயே இருக்கட்டும்.

வெளியே போனால் கைக்கு உறை போடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, அம்மாவுக்குப் போன் செய். ஆண்டவர் உன் பத்து விரலையும் காப்பாராக.

இப்படிக்கு,
இந்த முறை கேட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தும்
உன் அப்பா ஹியூபர்ட்
கோல சிலாங்கூர்