எதிர்வீட்டு ஆணிக்குத் திரும்பும் சாவி

மழை பொய்யாதிருக்க, கலங்கள் கரை சேர்க, கூப்பிட்ட குரலுக்குக் கதவு திறக்கும் ஊர்கள் பெருகுக.

கீழைக் கடலும் கெழுநீர் ஆறும் எல்லையாகிய செங்கழனி நாட்டை அறம் வழுவாது ஆண்டுவரும் வெண்குடை மாதேவியார் திருவாய் மொழிந்தருள, அவர்தம் ஓலைநாயகம் அரும்பிறை மாறன் எழுதியது. உப்பும் முத்தும் சந்தனமும் வந்து குவியும் முத்தலைத்துறை நகரச் சபையார்க்கும், அச்சபைக்குத் தலைமை பூண்ட கண்டன் அமுதனார்க்கும் நலம் உண்டாகுக. நும் துறையில் அலை அடங்கியிருக்கும் என்றும், நும் பண்டசாலைகள் நிறைந்திருக்கும் என்றும் நம்புகிறோம். மாதேவியார் உடல்நலத்தில் குறைவில்லை. ஆயினும் நும் ஓலை சொல்லாமல் விட்டதைக் கேட்ட நாள் முதல் அவர் சரியாக உண்ணவில்லை என்பதையும் நீவிர் அறிந்திருப்பது நல்லது.

கயிறு திரிக்கும் காரிநங்கை என்பாள் சந்தன வணிகன் ஆதிநாகன் வீட்டுச் சுவரைக் கடப்பாரையால் துளைத்தாள் என்றும், சுவரில் கன்னமிட்டவர் எவராயினும் ஊரைவிட்டு அகற்றப்படவேண்டும் என்பது சபையின் புதுக்கட்டளை என்றும், ஆதலால் அவளை எல்லைக்கு அப்பால் அனுப்ப மாதேவியாரின் ஒப்பம் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அழகாகவே எழுதியிருந்தீர். எழுத்தில் ஒரு பிழை இல்லை. அவள் ஏன் துளைத்தாள் என்ற ஒன்றுதான் அதில் இல்லை.

அந்த ஒன்றைச் சொல்ல ஆதிநாகனே கால்நடையாய்த் தலைநகருக்கு வந்தான். தாடி மழிக்காமல், மேலாடை இல்லாமல், இடையில் ஒரு சாவிக்கொத்தோடு வாயிலில் வந்து நின்றவனைக் காவலர் பித்தன் என்றே எண்ணினர். மாதேவியார் அவனை உட்காரவைத்து, நீர் கொடுக்கச் செய்து, முழுவதும் கேட்டார். அவன் சொன்னதையும், பின்னர் எம் ஆட்கள் நும் ஊருக்கு வந்து கேட்டறிந்ததையும், சொன்னவர் வாய்ச்சொல் மாறாமல் எழுதும்படி ஆணையிட்டார். சபையில் கேட்க மனமில்லாதோர் இருப்பின் அவர்களை முன்வரிசையில் அமர்த்திப் படிக்கவும்.

நும் ஊர் வழக்கத்தை நுமக்குச் சொல்லவேண்டியதில்லை. எனினும் இவ்வோலை பிற ஊர்களிலும் படிக்கப்படும் ஆதலால் சொல்கிறேன். முத்தலைத்துறையில் ஒரு வீட்டுப் பூட்டுக்கு இரண்டு சாவிகள் அடிப்பார்கள். ஒன்று வீட்டாரிடம் இருக்கும். மற்றொன்று எதிர்வீட்டு வாயிலின் உட்புறம் ஓர் ஆணியில் தொங்கும். எதிர்வீட்டார் சாவி இங்கே தொங்கும். புதுமணப்பெண் புகுந்த வீட்டில் செய்யும் முதல் வேலை, வெற்றிலை பாக்கோடு தெருவைக் கடந்து அந்தச் சாவியை எதிர்வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வருவது. ஆதிநாகனின் மனைவி நல்லினியும் சென்ற தை மாதம் அப்படித்தான் காரிநங்கையின் வீட்டுக்குப் போனாள். போன பெண் பொழுது சாயும்வரை திரும்பவில்லையாம். இருவருக்கும் அன்றே அப்படி ஒட்டிக்கொண்டது.

பிறகு கள்வர் வந்தனர். வணிகர் தெருவில் சுவர்களைத் துளைத்துப் புகுந்தனர். பட்டப்பகலில் பிச்சை கேட்பார்போல் வந்து, கதவு திறந்த பெண்டிரைத் தள்ளிவிட்டும் புகுந்தனர். ஒரு வீட்டில் மட்டும் சுவரும் உடையவில்லை, கதவும் உடையவில்லை. எதிர்வீட்டு ஆணியில் தொங்கிய சாவியை எவனோ கழற்றிப்போய்த் திறந்திருக்கிறான். அந்த ஒரு களவுதான் ஊரைக் கெடுத்தது. சபை கூடி, எல்லோரும் தத்தம் சாவியைத் திரும்பப் பெறுக என்றது. வீட்டுக்காரன் சொல்லின்றிப் பிறர் சுவரில் இரும்பு வைப்பவரைக் காரணம் கேளாமல் கள்வராகவே கொள்க என்றும் விதித்தது.

ஆதிநாகன் இயல்பிலேயே பயந்தவன். காற்றில் கதவு அடித்தாலும் எழுந்து உட்காருபவன். அவனுக்கு நல்லினிதான் உலகம். பொருள் போனால் போகட்டும், அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்பதே அவன் ஓயாத புலம்பல். யார் எந்தக் காவலைச் சொன்னாலும் அதைச் செய்தான். கொல்லன் சொற்படி கதவுக்குப் பழையதோடு சேர்த்து மூன்று பூட்டுகள். தச்சன் சொற்படி சாளரங்கள் எல்லாவற்றுக்கும் கனத்த பலகை. ஓடுகளின் கீழும் பலகை அடைப்பு. கொல்லைச் சுவர்மேல் இலந்தை முள், உள்ளே வேட்டுவரிடம் வாங்கிய நாய். சுற்றிலும் கயிறு கட்டி மணி தொங்கவிட்டான்; பூனை ஓயாமல் ஆட்டிவிட்டதால் அதை மட்டும் அவிழ்த்தான். வாத்து வளர்த்தால் நன்றாகக் கத்தும் என்று ஒருவர் சொல்ல, நாயிடமிருந்து வாத்தைக் காக்க இன்னொரு காவல் வைக்கணுமே என்று நல்லினி விழுந்து விழுந்து சிரித்தாளாம். இதைச் சொல்லும்போது ஆதிநாகனும் சிரித்தான். சிரித்தவன் அப்படியே முகத்தை மூடிக்கொண்டான்.

கடைசியாகப் பண்டசாலைக் காவலன் ஒருவன் வந்து, வீட்டைச் சுற்றிச் சருகு பரப்பினால் எவன் அடி வைத்தாலும் சத்தம் கேட்கும் என்று சொல்லிப் போனான். மறுநாளே மூங்கில் தோப்பிலிருந்து வண்டி வண்டியாகச் சருகு வந்து இறங்கியது. நல்லினிக்கு அது பிடிக்கவில்லை. “பூச்சி பொட்டு வந்து அடையும்ங்க, வேண்டாம்” என்று எத்தனையோ முறை சொன்னாள். கள்வனைவிடவா பூச்சி பெரிது என்று அவள் வாயை அடைத்துவிட்டான். பகலில் யாரும் ஏமாற்றிக் கதவைத் திறக்கவைத்துவிடக்கூடாது என்று, துறைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டவும் தொடங்கினான். முதலில் கேலி செய்தவள் பின்னர் கேலியை நிறுத்திக்கொண்டாள்.

சாவியைத் திரும்பக் கேட்க அவனுக்கு முகமில்லை. அவளையே அனுப்பினான். “திருடன் வந்தா ஒரு சத்தம் போடுறேன், அக்கா ஓடி வந்துருவாங்க. அதைவிடவா இந்தப் பூட்டு பெருசு?” என்று கேட்டுவிட்டு, அழாத குறையாகத் தெருவைக் கடந்தாள். காரிநங்கை ஆணியிலிருந்து சாவியைக் கழற்றி, வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். அப்படியானால் உங்கள் சாவியையும் கொண்டுவந்து தருகிறேன் என்று நல்லினி சொன்னதற்கு, “அது அங்கயே கிடக்கட்டும்டி. என் வீட்டுல திருட என்ன இருக்கு, தேங்கா நாரு! எடுத்துட்டுப் போனா எனக்கு வேலை மிச்சம்” என்றாள்.

இனி எழுதவேண்டியதை எழுதக் கை வரவில்லை, ஆயினும் எழுதுகிறேன்.

ஓர் உச்சிப்பொழுது, ஆதிநாகன் மூன்று சாவிகளையும் இடையில் செருகிக்கொண்டு ஆற்றுமுகத்தில் படகேறிச் சந்தனக்கட்டை நிறுத்துக்கொண்டிருந்தான். சருகில் அடைந்திருந்த விரியன், கழுநீர் வெளியேறும் நீர்த்தூம்பு வழியாக அடுக்களைக்குள் வந்து விறகின் இடையே கிடந்தது. விறகெடுக்கக் கை நீட்டிய நல்லினியைத் தீண்டிற்று. கதவருகே ஓடிவந்தவள் கணவனைக் கூப்பிடவில்லை. “அக்கா” என்றுதான் கூப்பிட்டாள்.

காரிநங்கை நாரைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் கை தானாகவே தன் வாயிலின் உட்புறத்து ஆணிக்குப் போயிற்று. ஆணி வெறுமையாக இருந்தது. அதன் பிறகே அவளுக்கு நினைவு வந்ததாம்.

நஞ்சு முறிக்கும் மருத்துவர் அடுத்த தெருவில்தான் இருந்தார், உடனே ஓடிவந்தார். மருந்துப்பையோடு அவர் கதவின் வெளியே நின்று, கடிவாயின் மேல் துணியை இறுக்கிக் கட்டு, ஆடாமல் அசையாமல் உட்கார் என்று கத்தினார். ஒரு கையால் அவளால் இறுக்க முடியவில்லை. சாளரத்தில் ஓர் இலை நுழையவும் இடமில்லை. கொல்லைச் சுவரேறிய ஒருவனின் காலை நாய் கவ்வியது. ஆதிநாகன் செய்த காவல் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. சொன்னபடி ஒவ்வொன்றும் வேலை செய்தது.

தெருவே கூடிவிட்டது. அமுதனாரே, நீவிரும் வந்தீர் என்று அறிகிறோம். சுவரை இடிப்போம் என்று யாரோ சொன்னபோது, வீட்டுக்காரனுக்கு ஆள் அனுப்பியாயிற்று, கட்டளை கட்டளைதான், சற்றுப் பொறுப்போம் என்று சொன்னவர் நீவிர். நீவிர் கொடியவர் அல்லர் என்பதை மாதேவியார் அறிவார். நீவிர் விதித்ததை நீவிரே மீற அஞ்சினீர், அவ்வளவுதான். அத்தனை பேரும் பொறுத்தனர். காரிநங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. தேங்காய் உரிக்கத் தன் முற்றத்தில் நட்டிருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு வந்து பக்கச் சுவரில் குத்தத் தொடங்கினாள். கள்வருக்காக அடியில் கல் பதித்த சுவர் அது. கைத்தோல் உரிந்து இரும்பு வழுக்கியபோது முந்தானையைச் சுற்றிக்கொண்டு குத்தினாள். குத்திக்கொண்டே, “தூங்கிடாதடி, பேசு, ஏதாவது பேசு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து குரல் வரவரத் தேய்ந்தது. கடைசியாகத் தெளிவாகக் கேட்டது இதுவே: “உங்க சாவி இங்க தொங்குதுக்கா. அதைத்தான் பாத்துகிட்டிருக்கேன்.”

ஆள் போய்ச் சொல்ல ஆதிநாகன் படகிலிருந்து குதித்து ஓடிவந்தான். பக்கச் சுவரில் ஓராள் நுழையும் துளை அப்போதுதான் விழுந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கதவின் முன் நின்று முதல் பூட்டைத் திறந்தான், இரண்டாவதைத் திறந்தான். மூன்றாவதில் சாவி சுழலவில்லை. முதல் பூட்டின் சாவியையே அதில் செருகித் திருகிக்கொண்டிருந்தான். மருத்துவர் பிடுங்கித் திறந்தார். உள்ளே, உடைந்த செங்கற்களின் நடுவே காரிநங்கை உட்கார்ந்திருந்தாள். நல்லினி அவள் மடியில் இருந்தாள். மருத்துவர் பையைத் திறக்கவே இல்லை.

இதன் பின்னரே நீவிர் சபை கூட்டினீர். ஒருத்தியை மன்னித்தால் நாளை ஒவ்வொரு கள்வனும் உயிர் காக்க வந்தேன் என்பான் என்று வாதிட்டீர். ஆதிநாகன் அன்று வாய் திறக்கவில்லை. அவன் மௌனத்தையே முறையீடாகக் கொண்டீர். உண்மையில், சபையில் யார் என்ன பேசினார்கள் என்பதே தன் காதில் விழவில்லை என்று அவன் மாதேவியாரிடம் சொன்னான். தீர்ப்பைக் கேட்டறிந்த பிறகு, காரிநங்கையின் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்துப் போனவனிடம், “நான் எங்க போனாலும் போறேன் தம்பி. சாவி உன் வீட்டுலயே இருக்கட்டும். அவ பாத்துகிட்டிருந்தது” என்றாள். அவன் அந்த வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து, வீட்டுக்கும் போகாமல், தலைநகருக்கு வழி கேட்டு நடந்தான்.

தனக்குத் தண்டனை தரவேண்டும் என்று அவன் கேட்டான். மாதேவியார், உனக்குத் தர என்னிடம் மிச்சம் எதுவும் இல்லையப்பா என்றார்.

ஆதலால் மாதேவியாரின் ஆணை இது. காரிநங்கை அவள் வீட்டிலேயே இருப்பாள்; அவள் மூட்டையைச் சபையார் தம் கையால் அவிழ்த்து வைக்கவேண்டும். பிறர் சுவரில் இரும்பு வைத்தலைப் பற்றிய கட்டளை இன்றோடு ஒழிந்தது. உயிர்க்குரல் கேட்டுச் சுவர் உடைப்பவரை இனி எந்தச் சபையும் கேள்வி கேட்கலாகாது. காவல் வேண்டாம் என்று மாதேவியார் சொல்லவில்லை. கள்வர் உண்மையில் வந்தனர், அஞ்சுவது குற்றமும் அன்று. தெருக்காவலை அரண்மனை ஏற்கும். பூட்டும் நாயும் அவரவர் விருப்பம். ஆனால் உள்ளே ஆள் இருக்க வெளியே பூட்டலாகாது, சருகெல்லாம் கொளுத்தப்படவேண்டும், சாவிகள் பழைய ஆணிகளுக்குத் திரும்பவேண்டும். சுவர்த்துளையை அடைக்க ஆதிநாகனுக்கு மனமில்லை. மழை அடிக்கும் என்பதால் அதில் ஒரு சாளரம் வைக்கட்டும், பலகை வேண்டாம்.

இன்னும் ஒன்று. மூன்று பூட்டுகளில் இரண்டைக் கழற்றிக் கடலில் எறிய ஆதிநாகன் உறுதி சொன்னான். எஞ்சும் பழைய பூட்டின் மறுசாவியை அவன் கொத்திலிருந்து எடுத்து இவ்வோலையோடு சேர்த்துக் கட்டியுள்ளோம். நல்லினி வெற்றிலையோடு கொண்டுபோன அதே சாவி. அமுதனாரே, அதை ஏவலர் கையில் கொடுத்தனுப்பாமல் நீவிரே ஏந்தி, புதுமணப்பெண் போவதுபோல் வெற்றிலை பாக்கோடு தெருவைக் கடந்து, காரிநங்கையின் ஆணியில் மாட்டிவிட்டு வரவேண்டும். அவள் உடனே கதவு திறக்கவில்லையென்றால் வாசலிலேயே பொறுத்திருக்கவும். பூட்டிய கதவின் முன் பொறுத்து நின்ற பழக்கம் நுமக்கு உண்டு.

வெண்குடை இலச்சினையை ஓலையிலேயே பொறித்து, மாதேவியார் தம் கையால் நூலிட்டு முடிந்தது. யார் வேண்டுமாயினும் திறந்து படிக்கலாம் என்பதால் இதற்கு அரக்கு வைக்கவில்லை. ஆணை நிற்க, துறை வாழ்க, அந்தப் பெண் எங்கிருந்தாலும் அவள் கூப்பிட்ட குரல் இந்நாட்டார் காதில் என்றும் கேட்டுக்கொண்டே இருக்க.