மார்பிள் மேஜையில் மூன்று வரி

புடாபெஸ்ட்,
மார்ச் 1934

செகெத்தில் அக்கா வீட்டிலிருக்கும் என் மனைவிக்கு,

கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று பல்கலைக்கழகத்தில் என் கட்டுரையை வாசித்தேன். அணு இருக்கும் இடத்தை அளப்பதுபோல் காலத்தையும் அணுவிடமே அளந்துவிடலாம் என்ற அதே கட்டுரைதான். ஏழு வருட உழைப்பு. முடித்ததும் கிஸெல்லா என்ற மாணவி எழுந்து வந்து, கரும்பலகையில் மூன்றே வரி எழுதினாள்.

"நீங்க சொல்றபடி பாத்தா ஆற்றலுக்குக் கடைசிப் படியே இருக்காது, ப்ரொபசர். அணுவெல்லாம் கீழ விழுந்துகிட்டே இருக்கும். இந்த மேஜை நிக்காது, நாமளும் நிக்க மாட்டோம். நேரத்தை அணுகிட்ட கேக்க முடியாது, சுவர்க் கடிகாரத்தைத்தான் பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மூன்று வரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பேராசிரியர்கள் கூடிக் கணக்குப் போடும் காபிக் கடை மார்பிள் மேஜையில், பென்சிலால் நீதான் எழுதினாய். "ஒரு நிமிஷம் படிச்சுப் பாருங்களேன்" என்றாய். "நீ சூப்புல உப்பு இருக்கான்னு பாரு, அது போதும்" என்று சொல்லி, ஈரத்துணியை வாங்கி நானே துடைத்தேன். துணி கொடுத்த பரிசாரகர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுவாரம் நீ ரயிலேறினாய். உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஐந்து வருடமாக அவளுக்கு உடம்பு சரியில்லை.

"துடைச்சிடட்டுமா, ப்ரொபசர்?" என்று கேட்டாள் கிஸெல்லா.

"வேண்டாம்மா, விடு" என்றேன். காவலாளியிடமும் சொல்லிவிட்டேன். நீ வந்து பார்க்கும்வரை அந்தப் பலகையை யாரும் தொட மாட்டார்கள்.

இப்படிக்கு,
துடைத்தவன்