லீக் மாறிய பிறகு

அன்புள்ள அங்கிள்,

இன்று காலை மங்காஃப் பேக்கரி வாசலில் மீன் அடைத்த பணிஸ் ரொட்டியின் வாசம் வந்தது. உங்கள் வரவேற்பறைக்குள் நுழைந்தது போலவே இருந்தது.

அமெரிக்காவில் நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டம் இங்கே சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒளிபரப்பாகும். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு மோதும் நாளில், குவைத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் இருபது பேரும் உங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். மேல் வீட்டுப் பிள்ளையான நான் படிக்கவென்று புத்தகத்தோடு வருவேன். ஒரு பக்கம்கூடப் புரளாது.

பிறகு உங்கள் பல்கலைக்கழகம், பக்கத்து ஊர் அணிகள் தமக்குள் மோதும் சிறிய லீக்கை விட்டு, நாடு முழுக்கப் பார்க்கும் பெரிய லீக்கில் சேர்ந்தது. பழைய எதிரியோடு இனி ஆட்டம் இல்லை. புது லீக்கின் முதல் ஆட்டத்துக்கும் வழக்கம்போல் நாற்பது பணிஸ் வாங்கியிருந்தீர்கள். நீங்களும் நானும்தான் பார்த்தோம்.

"ஆரோட விளையாடுறாங்கள் எண்டே தெரியேல்லை, பிள்ளை. பிறகு ஆர் வருவாங்கள்?" என்றீர்கள்.

ஆனால் அந்த ஆண்டு கல்விக் கண்காட்சியில், பழைய மாணவராக நீங்களும் உதவிக்கு நானும் உட்கார்ந்திருந்த உங்கள் பல்கலைக்கழக மேசை முன்னால் முதன்முதலாக வரிசை நின்றது. "டிவில வர்ற காலேஜ்தானே சார் இது?" என்றார் ஓர் அப்பா.

"ஓம், வரும். ஆனா உங்கட மகன் இருக்கப்போறது வகுப்பறையில. அதைப் பற்றிக் கேளுங்கோ" என்றீர்கள்.

அவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விடுதிச் சாப்பாடு, குளிர், வேலை என்று அரை மணி நேரம் கேட்டார். "பேரைப் பார்த்து வாறாங்கள். படிச்ச ஆளோட கதைச்சாத்தான் நம்புறாங்கள்" என்று திரும்பும் வழியில் சொன்னீர்கள். அடுத்த ஆண்டு அந்த இருபது பேரையும் மேசைக்கு அழைத்து வருவதாக இருந்தீர்கள். அதற்குள் காலமாகிவிட்டீர்கள்.

நேற்று எங்கள் பள்ளிக்கு வந்த பல்கலைக்கழக அலுவலர், வரும் வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்கும் பழைய மாணவர் யாரும் வராவிட்டால் இனிமேல் குவைத்தில் மேசை போடப்போவதில்லை என்றார். மாலையில் ஆன்ட்டியிடம் அந்த இருபது பேரின் போன் எண்களை வாங்கி நானே கூப்பிட்டேன். முதல் மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காமவர் எடுத்தார்; விஷயத்தைச் சொன்னேன்.

"லீக் மாறிடுச்சுன்னு முதல்ல வராம நின்னது நான்தாம்மா. ஒரு போன்கூடப் பண்ணலை அவருக்கு" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

பத்து மணிக்கு என்றேன். இன்னும் பதினாறு எண்கள் இருக்கின்றன, அங்கிள்.