உன் தொட்டிக்கு அடியில் கிடந்த நத்தைகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பையெல்லாம் அண்ணியிடம் போனிலேயே முடித்துவிட்டேன். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

போன விடுமுறையில் உன் நர்சரியில் தொட்டிகளைப் புரட்டி நத்தை பொறுக்கினேனே, இதற்கா இத்தனை படிப்பு என்று அண்ணிகூடக் கேலி செய்தார். அவை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். மலைக்கு மேலே, பள்ளத்தாக்கில் ஒரு நத்தை இருக்கிறது. வேறெங்கும் இல்லாத இனம் என்று என் ஆய்வை வழிநடத்தும் மேடம் நம்புகிறார். அதன் மரபணுவைப் படித்து, யாருக்கு யார் நெருங்கிய சொந்தம் என்று வம்ச மரம் போடுவது என் வேலை. அதற்குக் கொஞ்சம் தூரத்து உறவான நத்தை ஒன்றும் வேண்டும், குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கிற வெளியாள் மாதிரி. மேலே இருப்பது கறுப்பு, உன்னிடம் இருப்பது பழுப்பு. வேறு இனம் என்பதற்கு இது போதும் என்று எடுத்துக்கொண்டேன். சோம்பேறித்தனம்தான்.

மரம் வந்தது. வெளியாள் ஓரத்தில் நிற்கவில்லை. பள்ளத்தாக்கு நத்தைகளோடு கலந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. மாதிரிகள் இருந்த சோதனைக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். அதே மரம். நடுவில் அத்தனை வறண்ட சமவெளி இருக்கிறதே, நத்தை பஸ் பிடித்தா போனது என்று மேடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் நட வனத்துறைக்கு மண்ணோடு கன்று அனுப்புவது என் அண்ணன்தான் என்று அவருக்குத் தெரியாது.

இங்கேதான் மண்டை குழம்புகிறது. சொந்தம் என்று மரம் சொல்கிறது. ஆனால் எந்த ஊர் நத்தை எந்த ஊருக்குப் போனது என்று சொல்லமாட்டேன் என்கிறது. உன் கன்றோடு நத்தை மேலே போயிருந்தால், காட்டுக்குள் அந்நிய நத்தையை விட்டதாக உன் நர்சரியை மூடிவிடுவார்கள். அங்கிருந்து திரும்பி வந்த காலித் தொட்டிகளில் ஒட்டிக்கொண்டு கீழே வந்திருந்தால் உன் மேல் பழியே இல்லை. காலையில் முதலாவது சரி என்று படுகிறது, சாப்பிட்டுவிட்டு வந்தால் இரண்டாவது.

நெடுங்காலம் வாழ்ந்த இடத்தில் ஒரு இனத்துக்குள் மரபணு வித்தியாசங்கள் நிறைய சேர்ந்திருக்கும். புதிதாகக் குடிவந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே அச்சாக இருக்கும். நான் உன்னிடம் எடுத்தது ஒரே மூலையில். நிழல்வலைக்குக் கீழே, உரக்குழிப் பக்கம், சுற்று வயல்கள் என்று எல்லா இடத்திலிருந்தும் வேண்டும். அப்போதுதான் மேலே இருப்பதோடு வைத்துப் பார்த்து, எது பழைய வீடு என்று சொல்ல முடியும்.

இதைக் கேட்கலாம் என்றுதான் நேற்று போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு நான் விஷயத்துக்கு வருவதற்குள் அண்ணி, "உங்க அண்ணன் நத்தை மருந்து மூட்டை மூட்டையா வாங்கி அடுக்கிட்டாரு, இந்த வருஷம் என்னமோ அவசரம்" என்றார். மழைக்கு முன்னால் வழக்கமாகப் போடுவதுதானா? இல்லை, உனக்கு முன்பே ஏதாவது தெரியுமா? நேரடியாகக் கேட்கிற ஆள் நான். இதை மட்டும் கேட்கப் பயமாக இருக்கிறது.

மருந்து போடாதே அண்ணா. பொறுக்கி, ஈரத்துணியில் கட்டி, இடம் எழுதி அனுப்பு. எந்தப் பதில் வந்தாலும் அதைத்தான் மேடமிடம் சொல்வேன். மாற்றிச் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். ஆனால் கேட்டவுடன் நீயே பொறுக்கி அனுப்பினாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் எனக்கு. அதைச் சொல்ல விடு.

உன் தம்பி